அப்பத்தா போன ரூட்டு!

போன வாரம் அரியர் கதை சொல்லி உங்களை அழ வெச்சதுக்குப் பரிகாரமா, இந்த வாரம் ஒரு ரைடு கூட்டிட்டுப் போறேன். பெட்ரோல் செலவு கிடையாது. ஒரே கண்டிஷன், ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு எந்திரிக்கணும். ஹலோ... பக்கத்தைத் திருப்பாதீங்க பாஸ்! எட்டு அம்பதுக்கு எந்திரிச்சு ஒம்பது மணி கிளாஸுக்குப் போற ஹாஸ்டல் பார்ட்டிதான் நானும். நானே எந்திரிச்சிட்டேன்னா பாத்துக்கோங்க!

எல்லாம் ஆரம்பிச்சது போன செமஸ்டர் லீவுல. புதுக்கோட்டைல எங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழ ஒரு சைக்கிள் கிடக்கும். பிளஸ் ஒன் படிக்கிறப்ப கவர்மென்ட் கொடுத்தது. ரெண்டு டயர்லயும் காத்து இல்லாம, மேல ஒட்டடை, அதுக்கும் மேல பழைய சாக்குனு பரிதாபமா இருக்கும். உங்க வீட்லயும் ஒண்ணு இருக்குமே? போரடிச்ச ஒரு நாள் அதை சைக்கிள் கடை அண்ணன்கிட்ட ஓவராயிலுக்கு விட்டேன். புது டியூப், புது பிரேக் கட்டை, செயினுக்கு ஆயில்... வண்டி ரெடி. கியர் கிடையாது. ஆனா முன்னாடி கூடை உண்டு!

ஸ்கூல் தோழிகள் ரெண்டு பேரைச் சேர்த்துக்கிட்டு ஒரு பிளான் போட்டேன். புதுக்கோட்டைல இருந்து குடுமியான்மலை, சுமார் 20 கிலோமீட்டர். அங்கிருந்து அன்னவாசல் வழியா சித்தன்னவாசல். அப்புறம் ஒரு 16 கிலோமீட்டர் மிதிச்சா வீடு. மொத்தம் கிட்டத்தட்ட 45.

வீட்ல சொன்னதும் அப்பா பேப்பரைக் கீழ வெச்சார். "சைக்கிள்லயா? மூணு பொம்பளப் புள்ளைக விடியக்காலைல தனியா போறதா? வழில ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா? அதெல்லாம் வேணாம்."

அம்மா ஒண்ணும் சொல்லல. அப்படின்னா அப்பா சொன்னதே ஃபைனல்னு அர்த்தம். நான் மூஞ்சியைத் தூக்க ரெடியான நேரத்துல, கட்டில்ல பாக்கு இடிச்சிட்டிருந்த அப்பத்தாவோட குரல் வந்துச்சு.

"ஏன்டா, நீ காய்ச்சல்ல கிடந்தப்ப ராத்திரியோட ராத்திரியா உன்னையப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனேனே... எந்தக் கார்லடா கொண்டு போனேன்?"

அப்பா கப்சிப்!

எனக்கே அன்னிக்குத்தான் முழுக் கதையும் தெரிஞ்சுச்சு. எங்க அப்பத்தா குடுமியான்மலைப் பக்கம் குவாரில கல் உடைச்சவங்க. 1991-ல புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம் எழுத்து சொல்லிக் கொடுக்க ஊர் ஊரா வந்துச்சு. கூடவே பெண்களுக்கு சைக்கிளும் சொல்லிக் கொடுத்தாங்க. அப்போ கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் வாங்க லோன் கிடைக்கவும் வழி பண்ணினாங்க. வயல் வேலை பாக்குறவங்க, குவாரி வேலை பாக்குறவங்க, நர்ஸ், டீச்சர்னு ஆயிரக்கணக்குல கத்துக்கிட்டாங்க. 1992 மகளிர் தினத்துக்கு 1,500 பெண்களுக்கு மேல ஹேண்டில்பார்ல கொடி கட்டி, பெல் அடிச்சுக்கிட்டு புதுக்கோட்டை டவுனையே ஒரு கலக்கு கலக்கியிருக்காங்க. பத்திரிகையாளர் பி.சாய்நாத், 1996-ல வந்த தன்னோட புத்தகத்துல இதைப் பத்தி ஒரு அத்தியாயமே எழுதியிருக்கார்.

லேடீஸ் சைக்கிளுக்கு அப்போ ஏக டிமாண்டாம். நிறைய பேர் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கியிருக்காங்க. சிலருக்கு அதுதான் வசதியாம். ஏன் தெரியுமா? முன்னாடி பார்ல புள்ளையை உட்கார வெச்சுக்கலாம்!

அப்பத்தாவும் ஜென்ட்ஸ் சைக்கிள்தான். பத்து வயசு அப்பாவைக் கேரியர்ல உட்கார வெச்சு, விழுந்துடாம சேலைத் துணியால தன் இடுப்போட சேர்த்துக் கட்டி, இருட்டுல அந்த 20 கிலோமீட்டரை மிதிச்சிருக்காங்க.

"ஊர்ல யாரும் எதுவும் சொல்லலையா அப்பத்தா?"

"சொன்னானுக. நான் மிதிச்ச வேகத்துல பாதி காதுல விழல."

பெர்மிஷன் கிடைச்சிருச்சு! மணிக்கு ஒரு தடவை போன் பண்ணணும்கிற அப்பாவோட ஒரே கண்டிஷனோட. அப்பத்தாவும் ஒரு வேலை கொடுத்தாங்க. "நான் சைக்கிள் பழகின பள்ளிக்கூடத்துப் பொட்டல்ல ஒரு புளியமரம் நிக்கும். இருக்கான்னு பாத்துட்டு வா."

காலைல அஞ்சே முக்காலுக்குக் கிளம்பினோம். இந்த ரோட்ல நான் பஸ்லயும் ஸ்கூட்டிலயும் எத்தனையோ தடவை போயிருக்கேன். அது மேடும் பள்ளமுமான ரோடுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. தொடை சொல்லுச்சு! தைலமரக் காட்டு வாசம், செம்மண்ணு, கண்மாய்க் கரைல கொக்கு, அய்யனார் கோயில் மண் குதிரை, ரோட்டைக் கிராஸ் பண்ணின மயில்... எல்லாம் எப்பவும் அங்கதான் இருந்திருக்கு. நான்தான் வேகமா போயிருக்கேன்.

பாதி தூரத்துக்கு மேல போயிருப்போம், 'புஸ்ஸ்'. பின் டயர்ல கருவேல முள்! "அப்பாவுக்குப் போன் பண்ணிடலாம்டி"னு ஒருத்தி ஆரம்பிச்சா. எனக்கு வயித்தைக் கலக்குச்சு. இப்ப போன் பண்ணினா அப்பா உடனே வண்டியோட வந்துடுவார். ஆனா அதுக்கப்புறம் எனக்கு இன்னொரு ஞாயித்துக்கிழமை கிடைக்கவே கிடைக்காது. 'தள்ளுங்கடி'ன்னேன். அரை மணி நேரம் தள்ளினதுல ஒரு டீக்கடையும், பக்கத்துலயே பஞ்சர் கடையும் வந்துச்சு. கடைக்கார தாத்தா டியூபைத் தண்ணித் தொட்டியில அமுக்கிக் குமிழி பாத்துக்கிட்டே, "புதுக்கோட்டைல இருந்து மிதிச்சா வந்தீக?"ன்னார். கரெக்டா அப்பா போன். "டீ குடிச்சிட்டிருக்கோம்ப்பா"ன்னேன். பொய் இல்லைங்க, கைல டீ கிளாஸ் இருந்துச்சு!

குடுமியான்மலை கோயில் பக்கத்துப் பாறைல, 7-ம் நூற்றாண்டு வாக்குல வெட்டின இசைக் கல்வெட்டு இருக்கு. சரிகமபதநி ஸ்வர வரிசைகளை ஏழு பிரிவாப் பாறைல வெட்டி வெச்சிருக்காங்க. திரும்புற வழில சித்தன்னவாசல். ஏழடிப்பட்டம் குகைல 17 சமணர் கற்படுக்கைகள். அறிவர் கோயில் மேல்கூரைல 9-ம் நூற்றாண்டு தாமரைக்குள ஓவியம். மீன், யானை, எருமை, பூப்பறிக்கிறவங்கன்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருக்கலாம். ஸ்கூல் டூர்ல வந்தப்ப அஞ்சு நிமிஷத்துல வெளிய ஓடியாந்தவதான் நான். இப்ப மிதிச்சு வந்த களைப்போ என்னவோ, அரை மணி நேரம் அங்கயே நின்னேன்.

நீங்களும் கிளம்புறீங்களா? அடிபட்டுக் கத்துக்கிட்டது நாலு மேட்டர்...

* சீட் உயரம் முக்கியம். பெடல் கீழ இருக்கிறப்ப குதிகாலை வெச்சா கால் நேரா நீளணும். தாழ்வா இருந்தா முட்டி காலி.

* கியர் இல்லாத சைக்கிள்ல மணிக்கு 12, 13 கிலோமீட்டர்தான் கணக்கு. முதல் தடவை போக வர 20 போதும். வெயில் ஏறுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடுங்க.

* ஆளுக்கு ரெண்டு பாட்டில் தண்ணி, கடலை மிட்டாய். தாகம் எடுக்குறதுக்கு முன்னாடியே குடிங்க.

* வழில எங்கெங்க பஞ்சர் கடை இருக்குன்னு முன்னாடியே விசாரிச்சு வெச்சுக்கோங்க. (அனுபவம் பேசுது!)

மறுநாள் உட்கார முடியல. அது உட்கார்ற இடத்தோட பிரச்னை, விடுங்க!

ஆங்... புளியமரம்? பொட்டலைச் சுத்திக் காம்பவுண்டு சுவர் எழுப்பிட்டாங்க. மரம் இல்ல. தயங்கித் தயங்கித்தான் அப்பத்தாகிட்ட போட்டோவைக் காட்டினேன். கண்ணாடி போட்டு உத்துப் பாத்துட்டுச் சொன்னாங்க. "நல்லதாப் போச்சு. அதுல எத்தனை தடவை முட்டியிருக்கேன்!"

அப்பா அந்த ரைடைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கல. ஆனா, அடுத்த ஞாயித்துக்கிழமை காலைல சைக்கிளை எடுத்தப்ப ரெண்டு டயர்லயும் காத்து ஃபுல்லா இருந்துச்சு.

சத்தியமா நான் அடிக்கலைங்க.

அடுத்த வாரம் பார்ப்போம். வர்ட்டா!