அகவையா, ஆற்றலா?

மூத்தோர் சொல்லை மதிப்பது நம் மரபு என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஆயின் கடை, விடுதி, விமானம் போன்ற சேவைப் பணியிடங்களில் அம்மரபு வாயிலோடு நின்றுவிடுகிறது. இதற்குரிய காரணங்களைச் சற்றே ஆராய்தல் நம் கடமையாகும்.

முதற்காரணம், பணியாளரின் தோற்றத்தையும் விற்பனைப் பொருளாகக் கருதும் மனப்போக்கு. ஏர் இந்தியா நிறுவனத்தில் ஒருகாலத்தில் விமானப் பணிப்பெண்கள் 35 வயதில் ஓய்வு பெற வேண்டும். மேலாண்மை இயக்குநர் இசைந்தால் மட்டுமே 45 வரை நீடிக்கலாம். உடன் பறந்த ஆண் பணியாளர்க்கோ ஓய்வு வயது 58! இயக்குநரின் அந்த வரம்பற்ற அதிகாரத்தை உச்சநீதிமன்றம் 1981இல் செல்லாதென அறிவித்தது. ஆயினும் ஆணுக்கொரு வயது, பெண்ணுக்கொரு வயது என்ற வேறுபாட்டை அத்தீர்ப்பு விலக்கவில்லை.

இரண்டாவது, ஊதியக் கணக்கு. பணியாண்டு கூடக் கூட ஊதியமும் கூடுகிறது. மூத்தவர் ஒருவரின் ஊதியத்தில் புதியவர் இருவரை அமர்த்தலாம் எனக் கணக்கிடும் நிர்வாகம், அதனை வெளியே சொல்வதில்லை. "சுறுசுறுப்புப் போதாது" என்று வயதின்மீது பழி சுமத்துகிறது.

மூன்றாவது, வேலையின் அமைப்பு. நாள் முழுதும் நிற்க வைத்துக் காலையும் முதுகையும் தேயவிட்டு, பின்னர் அத்தேய்வுக்கே முதுமை எனப் பெயரிடுகிறோம். கடைப் பணியாளர்க்கு இருக்கை தரவேண்டுமெனக் கேரளம் 2018இலும் தமிழகம் 2021இலும் சட்டம் செய்தன. ஓர் இருக்கை ஒருவரின் பணிக்காலத்தையே நீட்டிக்க வல்லது அன்றோ?

நான்காவது, சட்டத்தின் மௌனம். அரசுப் பணியில் சமயம், சாதி, பால் முதலியவற்றால் வேற்றுமை காட்டலாகாது என்கிறது நம் அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு. அப்பட்டியலில் வயது இல்லை. அமெரிக்காவிலோ 40 வயதும் அதற்கு மேலும் ஆனோரைக் காக்க 1967இலேயே தனிச்சட்டம் பிறந்தது.

"இளைஞருக்கு வழிவிட வேண்டாமா?" எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. அனைவர்க்கும் பொதுவாய் அமைந்த ஓய்வு வயதை நாம் எதிர்க்கவில்லை. ஆற்றல் குன்றாதிருக்க, நரையைக் கண்டு விலக்குவதையே எதிர்க்கிறோம். இன்று மூத்தவரை விலக்கும் அளவுகோல் நாளை இன்றைய இளைஞரையும் அளக்கும்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் பலர் நாளை ஆள் தேர்ந்தெடுக்கும் இருக்கையில் அமர்வீர்கள். அன்று பிறந்த ஆண்டைப் பார்க்குமுன் செய்த பணியைப் பாருங்கள். நீதி அங்கிருந்தே தொடங்கும்.