வெள்ளத்துக்கு நாள் குறிப்போர்!

ஏட்டில் ஒரு வண்ணம் மாறுகிறது. நாட்டில் ஓர் ஏரி மறைகிறது! ‘வேளாண் நிலம்’ என்றிருந்த இடத்திலே ‘குடியிருப்பு’ என்று எழுதப்படுகிறது. எழுதியவர் கை ஓய்ந்துவிடுகிறது; விளைவோ ஓய்வதில்லை. பத்தாண்டு கழித்தேனும் பெருமழையாக வந்து ஏழையின் கதவைத் தட்டுகிறது.

பள்ளிக்கரணையைப் பாருங்கள், தோழர்களே! தென்சென்னை ஏரிகளின் மிகைநீரை வாங்கி, ஒக்கியம் மடு வழியே கோவளம் கழிமுகத்துக்கு அனுப்பிய சதுப்பு நிலம் அது. ஒருகாலத்தில் 5,000 எக்டேருக்கு மேல் பரந்திருந்தது. 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறியபோது இருந்தது ஏறத்தாழ 1,248 எக்டேர். மற்றது எங்கே? சாலையாயிற்று, மாடியாயிற்று, குப்பைமேடாயிற்று! நிலம் பெயரை மாற்றிக்கொண்டது. நீர் தன் வழியை மறக்கவில்லை.

2015 வெள்ளத்துக்குப் பின், ஆற்றங்கரைக் குடிசைகளில் வாழ்ந்தோரைக் காப்பதாகக் கூறிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினர். அதுவோ அதே சதுப்பு நிலத்தின் அண்டை! 2023 டிசம்பர்ப் புயல்மழையில் அங்கும் நீர் சூழ்ந்தது. ஆற்று வெள்ளத்திலிருந்து மீட்டு, சதுப்பு வெள்ளத்தில் இறக்கிவிடுவதற்குப் பெயர் மறுவாழ்வா?

வருவதை முன்னறிய முடியாதா? முடியும். அதற்குச் சோதிடக் கட்டம் வேண்டா, கணக்குப் போதும். மண் குடிக்கும் மழையைக் காங்கிரீட் குடிக்காது என்பதே அதன் அடிப்படை. செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாக அடுக்கினால், வயல் எந்த வேகத்தில் மனையாகிறது என்பது தெரியும். அவ்வேகத்தை வருங்காலத்துக்கு நீட்டி, நிலத்தின் மேடுபள்ளத்தோடும் மழையளவோடும் பொருத்தினால், எப்பகுதி மூழ்கக்கூடும் என்பதை இன்றே மதிப்பிடலாம். இப்படியே விட்டால் என்ன, கட்டுப்படுத்தினால் என்ன, நீர்நிலையை மீட்டால் என்ன என்று தனித்தனியே கணக்கிட்டு ஒப்பிடலாம்.

இக்கணக்கு இன்று அவசரத் தேவை. சென்னைப் பெருநகர் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022இல் ஆணை பிறந்தது. ஏரிகளுக்குப் பெயர்பெற்ற செங்கற்பட்டுச் சீமையின் எத்தனையோ ஏரிகளும் வயல்களும் அவ்வட்டத்துள் வந்தன. இனி எத்தனை பள்ளிக்கரணைகளை இழப்பது?

வளர்ச்சி வேண்டாம் என்று வாதிடவில்லை. வீடு வேண்டும், தொழில் வேண்டும். ஆனால், நிலத்தின் வகையை மாற்றுமுன், அம்மாற்றத்தால் எவ்வூருக்கு எவ்வளவு நீர் பாயும் என்ற கணக்கை ஊரறிய, தமிழில் வெளியிடுக! கணக்குக் காட்டாத மாற்றத்துக்கு ஒப்புதல் தராதிருப்பதே முறை. மனையின் இலாபம் ஒருவருக்கு, மழையின் துயரம் மற்றவருக்கு என்ற பங்கீட்டை மக்களாட்சி ஏற்கலாகாது. வண்ணம் தீட்டும் கையை இன்று தடுக்கத் தவறினால், நாளை படகை நோக்கிக் கைநீட்ட வேண்டியவர்கள் நாம்தான்!