வழித்துணை

கல்வி ஒருவரைத் தனியே உயர்த்துவதுபோலத் தோன்றும். ஆயினும், பிறர் துணையின்றித் தாமே கற்றுயர்ந்தவர் என்று சொல்லத்தக்கவர் உலகில் மிகச் சிலரே. கற்பித்தவர், ஊக்கியவர், இடருற்றபோது கைகொடுத்தவர் எனக் கற்றோர் ஒவ்வொருவர்க்கும் பின்னே பலர் நிற்பர். குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் மாணவர்க்கோ இத்துணை இன்றியமையாதது.

தாம்பரத்திற்குத் தெற்கே, செங்கற்பட்டுக்குச் செல்லும் பெருஞ்சாலையில், மறைமலை நகர் உள்ளது. தனித்தமிழின் தந்தை எனப் போற்றப்பெறும் மறைமலையடிகளின் பெயரை அவ்வூர் தாங்கி நிற்கிறது. 1876 இல் பிறந்த அடிகள், தந்தையார் மறைந்தமையால் பள்ளிப் படிப்பை இடையிலேயே விட நேர்ந்தது. படிப்பு நின்றது, கற்றல் நிற்கவில்லை. நாகப்பட்டினத்தில் புத்தகக் கடை நடத்திய நாராயணசாமிப் பிள்ளை என்னும் புலவர் அவருக்குத் தமிழ் நூல்களைப் பாடஞ்சொன்னார். பின்னர்ப் பரிதிமாற்கலைஞர் அவருடைய புலமையை உணர்ந்து தேர்ந்தெடுக்க, 1898 இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் அடிகள் தமிழாசிரியராக அமர்ந்தார். அந்நாளில் சென்னை நகரின் நடுவே இருந்த அக்கல்லூரி, 1937 இல் தாம்பரத்திற்கு வந்தது.

இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. குடும்பத்தின் முதற் பட்டதாரியாகத் தொழிற்கல்வி பயிலச் செல்வோர்க்குக் கல்விக் கட்டணச் சலுகையைத் தமிழக அரசு 2010 இல் அறிவித்தது. அரசுப் பள்ளிகளில் பயின்று உயர்கல்வி பெறும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 இலும், மாணவர்க்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 இலும் தொடங்கப்பெற்றன. இவை பாராட்டத்தக்கன.

ஆயினும் பொருளுதவி கல்லூரி வாயில்வரை கொண்டுசேர்க்கும். உள்ளே நடப்பதற்கு வேறு துணையும் வேண்டும். பட்டம் பெற்றோர் உள்ள வீட்டில், எப்பாடத்தைத் தேர்ந்தெடுப்பது, உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பிப்பது என்பவற்றை உணவுண்ணும் வேளையிலேயே கேட்டறியலாம். விடியுமுன் தொழிற்சாலைக்குச் செல்லும் தந்தையும், தெருவோரத்தில் இட்டிலி விற்கும் தாயும் தம் மக்கள்மீது வைத்த அன்பில் சிறிதும் குறைந்தவரல்லர். அவ்வழியில் நடந்தறியாதவர், அவ்வளவே.

முதற்பருவத் தேர்வில் ஒரு பாடத்தில் தவறிய இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவனிடம் அவன் தமையன், "வருந்தாதே, மீண்டும் எழுதித் தேறலாம்" என்கிறான். அவன் மீண்டும் முயல்கிறான். மற்றவனுக்கு அதனைச் சொல்வார் இலர். ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பும் அவனுக்கு விளங்கவில்லை. 'இவ்விடம் எனக்கு உரியதன்று' என அவன் தனக்குத்தானே தீர்ப்பெழுதிக்கொண்டு வெளியேறுகிறான். அறிவில் இருவரும் ஒப்பர். ஒரு சொல் கிடைத்ததும் கிடைக்காததுமே வேறுபாடு.

"முயற்சியுடையவன் தானே வழிகண்டு கொள்வான்" என்பர் சிலர். அடிகளினும் முயற்சியுடையவர் யார்? அவர்க்கும் ஒரு நாராயணசாமிப் பிள்ளை வேண்டியிருந்தது. முயற்சி மாணவர் கடமை. துணை நிற்றல் சமுதாயத்தின் கடமை.

ஆதலின், புதிதாய்ச் சேரும் ஒவ்வொருவர்க்கும் ஓர் ஆசிரியரையும் ஒரு மூத்த மாணவரையும் துணையாக அமைப்பதைக் கல்லூரிகள் தம் கடமையாகக் கொள்ளவேண்டும். ஊரில் கற்றுத் தேர்ந்தோர், விடுமுறை நாளில் நூலகத்திலோ பள்ளித் திண்ணையிலோ அமர்ந்து, இளையோர் கேட்கும் ஐயங்களைத் தீர்க்கலாம். இதற்குப் பெருஞ்செலவு வேண்டா, மனமே வேண்டும்.

மாணவச் செல்வங்களே! உங்களிற் பலர் நாளை உங்கள் குடும்பத்தின் முதற் பட்டதாரி ஆவீர்கள். தெரியாததைக் கேட்க நாணாதீர்கள். உழைத்து உங்களைப் படிக்கவைக்கும் பெற்றோரின் தொழிலைச் சொல்லவும் நாணாதீர்கள். பட்டம் பெற்றபின், உங்கள் தெருவிலிருந்து அடுத்துக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளையின் வீட்டைத் தேடிச் சென்று, நீங்கள் அறிந்தவற்றைச் சொல்லுங்கள். முதலில் நடந்தவர் கண்ட வழி, பின்வருவோர்க்கும் பயன்படும்போதே பாதையாகிறது.