உழுதவன் கணக்குப் பார்க்கட்டும்

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று சொல்லாத வாய் கரிசல் காட்டில் இல்லை. மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கே தெரியாது என்பது அடுத்தபடி. இரண்டையும் சேர்த்து, மானாவாரிக்காரனுக்குக் கணக்கு ஆகாது என்று ஊரே தீர்ப்பு எழுதிவிட்டது. இந்த நம்பிக்கையை இனியும் விட்டுவைக்கக் கூடாது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் வட்டாரங்களில் அது விதையையும் வட்டிப் பணத்தையும் தின்றுகொண்டிருக்கிறது.

மழைக்குக் கணக்கே கிடையாதென்றால் பயிர்க் காப்பீட்டுக்குப் பிரீமியம் எப்படி வைக்கிறார்கள்? 2016இல் வந்த பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ராபி பருவத்து உளுந்துக்கும் கம்புக்கும் விவசாயியின் பங்கு அதிகபட்சம் 1.5 விழுக்காடு, பருத்திக்கு 5 விழுக்காடு. நிறுவனம் கேட்கும் தொகை அதற்கு மேல் போனால் மிச்சத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. பழைய மகசூல் பதிவுகளைப் புரட்டி, இழப்பு வர எவ்வளவு வாய்ப்பு என்று பார்த்துத்தான் நிறுவனம் அந்தத் தொகைக்கு வருகிறது. ஒரே வானம், ஒரே கரிசல். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் கணக்குப் போடலாம், இந்தப் பக்கம் நிற்பவர் போடக் கூடாது என்பது என்ன நியாயம்?

ஆவணிக் கடைசியில் ஒவ்வொரு சம்சாரியின் முன்னும் நிற்கும் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். புழுதி விதைப்பா, மழையைப் பார்த்து விதைப்பா? காத்திருந்தால் ஆபத்து உண்டு. நனைந்த கரிசலில் கால் வைக்க முடியாது, டிராக்டர் இறங்காது. ஈரம் வாங்கி, காட்டில் இறங்குவதற்குள் நாள்கள் ஓடிவிடும். பிந்திய பயிர் பூக்கும் நேரத்தில் மழை முடிந்திருக்கும். புழுதியில் விதைத்தாலும் ஆபத்து உண்டு. ஒரு பொய்மழைக்கு முளைத்த பயிர், அடுத்த மழை வராமல் கருகிப்போகலாம்.

இதை மர வரைபடமாகப் போடலாம். முதல் கிளை, விதையை முளைக்க வைக்கும் மழை. அதன் நிகழ்தகவு நமக்குத் தெரியாது. தெரியாததற்கு ஓர் எழுத்தை வைத்து மேலே நடப்பதற்குத்தானே இயற்கணிதம் இருக்கிறது? 'ம' என்று வைப்போம். முளைத்தபின் இரண்டு வாரத்துக்குள் அடுத்த மழை வருவதற்கு 'அ'. ஏக்கருக்கு விதையும் விதைப்புக் கூலியும் 3,000 ரூபாய் என்றும், முந்தி விதைத்ததால் கூடுதலாகக் கிடைப்பது 4,000 ரூபாய் என்றும் உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம்.

முளைப்பு மழையே வராத கிளையில் விதை புழுதிக்குள் உறங்கும். காத்திருப்பவரும் அங்கே சும்மாதான் நிற்கிறார், ஆகவே வித்தியாசம் இல்லை. இரண்டு மழையும் வரும் கிளையின் நிகழ்தகவு ம × அ, அங்கே 4,000 லாபம். முதல் மழை வந்து அடுத்தது வராத கிளையின் நிகழ்தகவு ம × (1 − அ), அங்கே 3,000 நட்டம். கூட்டினால் ம × [4,000அ − 3,000(1 − அ)]. லாபமா நட்டமா என்பதை அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் தீர்மானிக்கிறது. வெளியே நிற்கும் 'ம' சிறியதோ பெரியதோ, முடிவை மாற்றாது. 7,000அ, 3,000ஐத் தாண்ட வேண்டும். அதாவது 'அ' 3/7ஐத் தாண்டினால் புழுதி விதைப்பு லாபம்.

ஊரே அண்ணாந்து பார்த்து "மழை வருமா?" என்று கேட்கிறது. இந்தக் கணக்கில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. எறும்பும் மயிலும் தின்னும் விதைக்குக் கொஞ்சம் கழித்தால் 'ம' மறுபடி எட்டிப்பார்க்கும், அவ்வளவுதான். கேட்க வேண்டியது, முளைத்த பயிருக்கு அடுத்த மழை உண்டா என்பதை.

கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் பருவமழைக்கு முந்திய விதைப்பைப் பரிந்துரைப்பதன் நுட்பமும் இங்கேதான் விளங்கும். விதையை 5 செ.மீ. ஆழத்தில் போடச் சொல்கிறார்கள். மேலாக விழுந்த விதை தூறலுக்கே முளைத்து ஏமாறும்; ஆழத்து விதை நல்ல மழைக்குத்தான் கண் திறக்கும். இதனால் 'ம' குறைகிறது, முளைத்த பயிர் பிழைக்கும் வாய்ப்பான 'அ' கூடுகிறது. முடிவைத் தீர்மானிப்பது 'அ' ஆனதால், 3/7 எல்லையைத் தாண்ட இந்த மாற்றம் விவசாயிக்கு உதவுகிறது. விதையைக் கடினப்படுத்தி விதைத்தால் நாற்று இன்னும் சில நாள் வறட்சி தாங்கும், 'அ' இன்னும் ஏறும்.

"அந்த 'அ' எவ்வளவென்று எனக்கெப்படித் தெரியும்?" என்பார்கள். துல்லியமாகத் தெரிய வேண்டியதில்லை, 3/7க்கு மேலா கீழா என்று தெரிந்தால் போதும். புழுதியில் போட்டு முளைத்த பத்து வருஷத்தில் எத்தனை வருஷம் கருகியது என்று பெரியவர்களைக் கேளுங்கள். இரண்டு என்றால் விதைக்கலாம், ஏழு என்றால் காத்திருக்கலாம். ஐந்து, ஆறு என்றால் எல்லைக்கு மிக அருகில் நிற்கிறோம்; பத்து வருஷ நினைவை மட்டும் நம்பிக் கணக்கு தீர்ப்புச் சொல்லாது. ஒரு வருஷம் தோற்றால் எழ முடியாதவர் பாதிக் காட்டோடு நிறுத்திக்கொள்வதே சரி.

பள்ளிகள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. பத்தாம் வகுப்பிலேயே நிகழ்தகவும் மர வரைபடமும் இருக்கின்றன. நாணயத்தையும் பகடையையும் மட்டும் சுண்டிச் சுண்டி, எல்லாக் கிளையும் சமம் என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடுகிறது. "பெய்யும், இல்லாவிட்டால் பெய்யாது, பாதிக்குப் பாதி" என்று பேசுவது அதன் விளைவு. கழுகுமலையிலும் கயத்தாறிலும் கணக்கு நடத்தும் ஆசிரியர்கள் கரும்பலகையில் ஒருமுறை புழுதி விதைப்பை வரையட்டும்.

வரைந்தால் இன்னொன்றும் தெரியவரும். வட்டிக்கு வாங்கி விதைப்பவருக்கு 3,000 ரூபாய் நட்டம் 4,500 ஆகிறது என்று வையுங்கள். அவருடைய எல்லை 4,500/8,500, அதாவது 9/17, பாதிக்கும் மேலே. 'அ' சரிபாதியாக இருக்கும் வருஷத்தில், பக்கத்துக் காட்டுக்காரருக்கு விதை என்று சொல்லும் அதே சமன்பாடு இவரைக் காத்திரு என்கிறது. மழை இருவருக்கும் ஒன்றுதான், இவரைப் பின்னுக்கு இழுப்பது வட்டி. கூட்டுறவுச் சங்கத்தின் வட்டியில்லாப் பயிர்க்கடன் ஆவணி முடிவதற்குள் கைக்கு வந்தால் அந்த எல்லை 3/7க்கே இறங்கிவிடும். குறைதீர் கூட்டத்துக்குப் போகும் விவசாயி மனுவோடு இந்த இரண்டு பின்னங்களையும் எழுதி எடுத்துப்போய், ஐப்பசியில் வரும் கடன் எதற்கு என்று அதிகாரியிடம் கேட்க வேண்டும்.