சருக்கரையும் கல்லும்

“தேநீர்க் கோப்பையை ஒருமுறை அலம்பினாலே சீனி போய்விடுகின்றதே, அது கல்லில் ஒட்டுமென்று எங்ஙனம் நம்புவது, ஐயா?” என்று மேல்வகுப்பு மாணவன் ஒருவன் நம்மை வினவினான். புறத்துறிஞ்சலைப் பற்றி நாம் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த வேளை அது. குறும்பாக எழுந்த வினாவேயாயினும், உயிரின் தோற்றத்தைப் பற்றிய ஒரு பெரிய வழக்கின் நடுவே அது போய் நிற்கின்றது.

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் உள்ள ஆர்.என்.ஏ. என்னும் இழைக்கு முதுகெலும்பாய் அமைந்தது இரைபோசு என்ற எளிய சருக்கரை. இத்தகைய சருக்கரைகளை ஆக்குவது கடினமன்று. 1861ஆம் ஆண்டிலேயே உருசிய அறிஞர் பட்லெரொவ், போமல்டிகைட்டுச் சேர்வையைச் சுண்ணாம்பு நீருடன் சூடாக்கி இனிய பாகொன்றைப் பெற்றார். (கருப்பநீர் முட்டியில் நம்மவர் பூசும் அதே சுண்ணாம்புதான்.) ஆக்கியதைக் காப்பதே கடினம். 1995இல் மில்லரும் அவர்தம் தோழரும் அளந்து பார்த்தபோது, நடுநிலைக் கரைசலில் 100 பாகை வெப்பத்தில் இரைபோசின் பாதி 73 நிமிடங்களில் அழிந்தது. உறைநிலையிலும் அதன் அரைவாழ்வு 44 ஆண்டுகளே. புவியின் வயதுக்கு முன் 44 ஆண்டு எம்மாத்திரம்? ஆதி உயிரின் இழையில் சருக்கரையே இருந்திருக்க வொண்ணாது என்று அவர்கள் முடிவுகட்டினர்.

இங்கேதான் கல் வழக்குக்குள் நுழைகின்றது. மணலும் துருவும் ஒட்சைட்டுகளே. ஈரம் பட்ட ஒட்சைட்டின் மேற்பரப்பெங்கும் ஐதரொட்சில் கூட்டங்கள் முளைத்து நிற்கும்; சருக்கரையின் உடலிலும் அவையே நிறைந்துள்ளன. இரண்டும் ஐதரசன் பிணைப்பாற் கைகோக்கும். ஆனால் நீரும் அவ்வாறே கைகோக்க வல்லது; அது எண்ணிக்கையாலும் மிகுதி. ஆகவே நீர் நிறைந்தவிடத்துச் சருக்கரையின் பிடி தளர்ந்துவிடுகின்றது. மாணவனின் கோப்பை சொன்னது பொய்யன்று. பொசுபேற்றுக் கூட்டம் ஒன்றைச் சுமந்துவரும் சருக்கரையோ, இரும்பு ஒட்சைட்டை நேரே பற்றி, நீரிலும் எளிதில் விடாது நிற்கும்.

நீர் வற்றினால் என்னாகும்? போட்டியாளன் அகன்றதும் சருக்கரை கல்லோடு நெருங்குகின்றது. சிலிக்காவின் மேல் உலர்த்திய இரைபோசு, தனித்த இரைபோசைவிட வெப்பத்தைத் தாங்கி நிற்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர் 2015இல் காட்டினர். அன்றியும், கரைசலில் அருகிக் காணப்படும் ஐந்தணு வளைய வடிவம் அங்கே மிகுந்தது. ஆர்.என்.ஏ.யில் உள்ளதும் அவ்வடிவமே. நம்மை வியக்க வைத்தது இதுவே.

வெங்காரத்தின் உறவினனான கோல்மனைற்று என்னும் கனியத்தைக் கொண்டு 2004இல் பென்னர் குழுவினர் வேறொரு வழி கண்டனர். சுண்ணாம்புக் கரைசலில் கபிலநிறத் தாராகிக் கெடும் கலவை, இக்கனியத்தின் முன்னிலையில் அவ்வாறு கெடவில்லை, இரைபோசு நிலைத்தது. இது கல்லின்மேல் ஒட்டுவதன்று. கல்லினின்று கரைந்த போரேற்று சருக்கரையைப் பற்றிக்கொள்வது. ஆதிப்புவியில் வெங்காரக் கனியங்கள் போதிய அளவு இருந்தனவா என்பதில் அறிஞர் இன்றும் ஒருமித்தவரல்லர். மணலுக்கு அக்குறை இல்லை. எனவே நம் மனம் மணலின் பக்கமே சாய்கின்றது.

மறுநாள் அம்மாணவனிடம் இன்னொன்றும் கூறினோம். 1969இல் அவுத்திரேலியாவின் மேர்ச்சிசன் என்னுமிடத்தில் வீழ்ந்த விண்கல்லைப் பொடித்து ஆராய்ந்த யப்பானியக் குழுவினர், அதனுள்ளே மிகச் சிறிதளவு இரைபோசு இருந்ததை 2019இல் அறிவித்தனர். அவன் சற்றுநேரம் பேசவில்லை. பின்பு, “அதை ஒருவரும் கழுவவில்லைப்போலும், ஐயா” என்றான்.