கடாக்கன்றுக்குப் போடும் தீனி வீணா?

எருமை ஈன்றதும் வாலைத் தூக்கிப் பார்ப்பார்கள். கிடாரி என்றால் சிரிப்பு. கடா என்றால் முகம் சுண்டிவிடும். "கறிக்குப் போகிற உருப்படிக்குத் தீனி எதற்கு?" என்று கணக்கை அப்போதே முடித்துவிடுவார்கள். எமனின் வாகனம் என்று பேரெடுத்த கடா, பல கொட்டில்களில் கன்றாக இருக்கும்போதே எமனிடம் போய்ச் சேருகிறது. இந்தக் கணக்கை வரி வரியாகப் பார்ப்போம்.

"கடாவுக்குப் பால் விட்டால் நட்டம்." ஆனால் முதல் பாலான சீம்பாலைப் பால் சொசைட்டியில் வாங்க மாட்டார்கள். அப்படியிருந்தும் காய்ச்சி அண்டை வீடுகளுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதுதான் கன்றுக்கு. தாயின் நோய் எதிர்ப்புச் சத்தைக் கன்றின் குடல் அப்படியே உறிஞ்சுவது பிறந்த ஒரு நாளுக்குள்தான். அதன்பின் எவ்வளவு ஊட்டினாலும் அந்தப் பலன் வராது. 30 கிலோ கன்றுக்கு முதல் நாளில் சுமார் 3 லிட்டர் சீம்பால் வேண்டும். முதல் ஊட்டல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள்.

"எருமைக்கன்று நோஞ்சான், எப்படியும் சாகும்." சாகடிப்பதில் பெரும்பங்கு உருண்டைப் புழுவுக்கு. அது தாய்ப்பால் வழியாகவே கன்றுக்குள் போகிறது. பிறந்த 10 முதல் 15 நாளுக்குள் குடற்புழு மருந்து கொடுத்தால் அந்தப் பழி இனத்தின்மேல் விழாது.

"வைக்கோல் தின்றே வளர்ந்துவிடும்." வைக்கோலில் புரதம் ஏறக்குறைய 4 விழுக்காடுதான். இளங்கன்றுக்குத் தேவையான கலப்புத் தீவனத்தில் 20 விழுக்காடாவது இருக்க வேண்டும். அசைபோடும் வயிறும் பிறக்கும்போதே தயாராக இருப்பதில்லை. இரண்டாம் வாரம் முதல் மக்காச்சோளம், கடலைப் பிண்ணாக்கு, தவிடு, தாது உப்பு கலந்து ஒரு கைப்பிடி வைத்தால், தானியம் நொதித்து உண்டாகும் அமிலங்களே அந்த வயிற்றின் உட்சுவரை வளர்க்கும். யூரியா ஊட்டிய வைக்கோலெல்லாம் ஆறு மாதம் தாண்டிய பிறகுதான்.

"அப்படியானால் தானியத்தைக் கொட்டினால் கறி கூடுமே?" கூடாது. திடீரென்று தானியம் மிகுந்தால் வயிற்றில் அமிலம் ஏறி மாடு தீனியையே விட்டுவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்; கூடவே பசுந்தீவனமும் தட்டையும் வேண்டும்.

"கறி கறிதான், தீவனத்தில் என்ன இருக்கிறது?" அரைப்பட்டினியில் வளர்ந்த கடா எடை கட்ட ஆண்டுகள் ஆகும். வயது ஏற ஏறத் தசைநார் இறுகி, கறி வேகாது. ஒழுங்காகத் தின்று சீக்கிரம் எடை பிடித்த கடாவின் கறிதான் மெத்தென்று இருக்கும். அந்தக் கடாவையும் லாரியில் அடைத்துப் பட்டினியோடு அலைக்கழித்தால் தசையிலுள்ள சர்க்கரைச் சத்து தீர்ந்து, கறி கறுத்துச் சீக்கிரம் கெடும்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு. சந்தையில் கண்மதிப்பில் விலை பேசும் வரை, கூடுதல் கிலோவுக்குக் கூலி உறுதியில்லை. எடைமேடையில் ஏற்றி விற்க வழி தேட வேண்டும். தேவை இல்லாமல் இல்லை: பசு இறைச்சி ஏற்றுமதிக்குத் தடையுள்ள இந்தியாவிலிருந்து கப்பலேறும் மாட்டிறைச்சி எருமையுடையதுதான். கடாக்கன்றுகளைக் காப்பாற்றி வளர்க்கவென்றே மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்ததும் அதனால்தான்.

அடுத்த முறை எருமை ஈனும்போது, வாலைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன் கன்றை மடியில் விடுங்கள்.