நீல வானம் என்றால் கவலை!

ஜனவரி மாதம். லே நகரத்தில் பளீரென்று வெயில். வானம் அப்படியொரு நீலம். சுற்றுலா வந்தவர்கள் செல்போனில் படமெடுத்துத் தள்ளுகிறார்கள். உள்ளூர் விவசாயி மட்டும் மலை உச்சியைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். அவருக்கு வேண்டியது மேகம்!

லடாக்கில் இருக்கும் லே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள பாலைவன நகரம். மழை மேகங்களை இமயமலை மறித்துக்கொள்கிறது. அதனால் மழை, பனி எல்லாம் சேர்த்தும் ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். அங்கே குளிர்காலத்தில் ஒரு வாரம் எப்படிப் போகும்?

திங்கள்

இரவில் மைனஸ் 15 டிகிரி என்பது ஜனவரியில் சாதாரணம். தண்ணீர் உறைந்தால் விரியும், குழாயையே பிளந்துவிடும். அதனால் குளிர் வந்ததும் பல வீடுகளில் குழாய்களைக் காலி செய்துவிடுவார்கள். பிறகு லாரித் தண்ணீரும் பிளாஸ்டிக் கேனும்தான். லடாக்கின் பழைய வீடுகளில் கழிப்பறைக்குத் தண்ணீரே தேவையில்லை. மண்ணும் சாம்பலும் போட்டு மூடினால், வசந்தத்தில் வயலுக்கு உரம் தயார்.

செவ்வாய்

காற்று லேசானது, வறண்டது. வெயிலில் உட்கார்ந்தால் ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும். நாலடி தள்ளி நிழலுக்குப் போனால் பல் கிட்டும். பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை என்பதால், உறைந்துபோன கர்சூ குளத்தில் பிள்ளைகள் ஸ்கேட்டிங் போகிறார்கள்.

புதன்

வீட்டில் எல்லோரும் ஒரே அறையில்தான். நடுவில் 'புகாரி' என்கிற இரும்பு அடுப்பு. அதில் விறகோ காய்ந்த சாணமோ எரியும். மேலே வெண்ணெயும் உப்பும் சேர்த்த தேநீர், 'துக்பா' என்கிற நூடுல்ஸ் சூப். உருளைக்கிழங்கு, முள்ளங்கி, கேரட் எல்லாம் இலையுதிர் காலத்திலேயே மண்ணுக்கடியில் குழி தோண்டிச் சேமித்தவை. கோடையில் உலர்த்திய ஆப்ரிகாட் பழமும் கைவசம் இருக்கும்.

வியாழன்

மேற்கே மேகம் தெரிகிறது. மத்திய தரைக்கடல் பக்கம் உருவாகி வரும் 'மேற்கத்திய இடையூறு' என்ற காற்றுச் சுழற்சி இது. வட இந்தியாவுக்குக் குளிர்கால மழையும் பனியும் தருவது இதுதான். மேகம் கம்பளிபோல மூடிக்கொள்வதால், தரையின் சூடு மேலே போகாது. அன்றைய இரவில் குளிர் கொஞ்சம் குறையும்.

வெள்ளி

பனி விழுகிறது! விமானங்கள் ரத்து. சோஜி லா கணவாயிலும் பனி மூடினால் ஸ்ரீநகர் சாலை அடைபடும். மணாலிப் பக்கச் சாலை ஏற்கெனவே மூடித்தான் இருக்கிறது. ஊர் திரும்ப வேண்டியவர்கள் மூட்டை முடிச்சுடன் காத்திருக்கிறார்கள். வீடுகளில் துடைப்பத்துடன் மாடிக்கு ஓடுகிறார்கள். கூரை தட்டையான மண் கூரை. பனியைத் தள்ளாவிட்டால் உருகி ஒழுகும். வேலை கூடினாலும் முகத்தில் மகிழ்ச்சி.

சனி

வானம் தெளிந்துவிட்டது. கம்பளி விலகியதுபோல வெப்பமெல்லாம் மேலே போய்விட, இரவில் மைனஸ் 20-ஐத் தொடலாம். வாரத்திலேயே கடுமையான இரவு இதுதான்.

ஞாயிறு

விடிந்ததும் எல்லோர் கண்ணும் மலைமேல்தான். எவ்வளவு வெள்ளை?

காரணம், பார்லி விதைக்கும் காலம் ஏப்ரல், மே. உச்சியில் உள்ள பெரிய பனியாறுகள் நன்றாக உருகுவது ஜூனுக்குப் பிறகுதான். நடுவில் இருக்கிற வாரங்களுக்கு, இந்தக் குளிர்காலத்துப் பனி உருகி வரும் ஓடைதான் கதி. பனி குறைந்தால் ஓடை மெலியும். வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பங்கிடும் 'சுர்புன்' என்ற ஊர்ப் பொறுப்பாளருக்குத் தலைவலி ஆரம்பிக்கும்.

இதற்கு வழி தேடியவர்கள் உண்டு. ஓய்வுபெற்ற பொறியாளர் செவாங் நோர்பெல், குளிர்காலத்தில் வீணாக ஓடும் தண்ணீரைக் கிராமத்துக்கு மேலே தேக்கி உறைய வைத்தார். 2015-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சோனம் வாங்சுக் 2013-ல் பனிக்கட்டியைக் கூம்பாக எழுப்பும் 'ஐஸ் ஸ்தூபி'யை முயன்று பார்த்தார். கூம்பின்மேல் வெயில் படும் பரப்பு குறைவு. அதனால் மெதுவாக உருகி, விதைக்கும் சமயத்தில் தண்ணீர் தரும்.

ஆனாலும் இவற்றுக்கும் ஓடையில் தண்ணீர் வர வேண்டும். அதற்கு மலையில் பனி விழ வேண்டும். வெள்ளிக்கிழமை விமானம் ரத்தானதில் பயணிகளுக்கு ஒரு நாள் போனது. விழுந்த பனியால், மே மாதத்தில் யாரோ ஒருவரின் பார்லி வயலுக்கு ஒரு முறைத் தண்ணீர் கூடக் கிடைக்கும்.